கோட்டுப் பையில் கற்கண்டு

சாந்தாமணிக்குச் சந்தேகம் முளைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. சிங்காநல்லூர் மில்லுக்குப் பஞ்சு போடப் போகும் புருஷன் சுப்பண்ணன், வாரத்தில் இரண்டு நாளாவது சட்டை நனைய வியர்த்து, நாக்குக் குழறி வீடு வந்தான். என்னவென்று கேட்டால் எரிந்து விழுவான். சோறு தின்றதும் ஒன்றும் நடக்காதது போலச் சிரிப்பான். குடிதான் என்று முதலில் நினைத்தாள். அவன் தூங்கும்போது வாயை மோந்துகூடப் பார்த்தாள். வாடை இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவனுடைய கோட்டை அவள் உதறியபோது ரோஜா நிறத் துணியில் முடிந்த கற்கண்டு விழுந்தது. நீரிழிவுக்காரனுக்குக் கற்கண்டு! கோயமுத்தூர் டாக்டர் சர்க்கரை கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவளும் வெறும் காப்பிதான் குடிக்கிறாள். துணி ஓரத்தில் நுணுக்கமான தையல். பெண் கைதான். அமாவாசை கழியட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று அதை அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

இன்று ஆடி அமாவாசை. காலமான மாமனாருக்குப் படையல். சுப்பண்ணன் வழக்கம்போல எட்டு மணிக்கு ஊசியைக் கொதிக்க வைத்து, தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டான். மற்ற நாளென்றால் உடனே சாப்பாடு. இன்றைக்குக் காக்கை சோறு எடுக்காமல் யாரும் இலை முன்னால் உட்காரக் கூடாது. ஊர் முழுக்கப் படையல். காக்கைக்கு இந்த வீட்டுக்கு வர என்ன அவசரம்? ஓட்டின் மேல் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

ஒன்பதரைக்குச் சுப்பண்ணன் கை நடுங்கக் கோட்டுப் பையைத் துழாவினான்.

“என்னத்தத் தேடறீங்க?”

“அது எங்க அம்மணி? குடுத்துப்போடு.”

“எவ முடிஞ்சு குடுத்ததுங்க அது?”

அவன் நெற்றியில் வியர்வை ஓடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தான்.

“நீ யாரு?”

நடிப்பு என்று நினைக்கத்தான் பார்த்தாள். ஆனால் அந்தக் கண்கள் நடிக்கவில்லை. சோறு தின்றதும் தெளிகிறவன், இப்போது கற்கண்டைத் தேடுகிறான் என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. படையல் இலையிலிருந்த பாயசக் கிண்ணத்தை எடுத்து அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

“காக்கா இன்னும் எடுக்கலியே!” என்று மாமியார் தெய்வாத்தாள் பதறினாள்.

“மொதல்ல உங்க பையன் எடுக்கட்டுங்க அத்தை.”

கால் மணி நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. “சாந்தா” என்றான். அந்தப் பேரைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தெய்வாத்தாள் தானே இலை போட்டு மகனுக்குச் சோறு வைத்தாள்.

“ஊசி போட்டபொறகு சோறு தள்ளிப்போனா ரத்தத்துல சர்க்கரை எறங்கிப்போகுமாம். நடுக்கம் வந்தா வாயில போட்டுக்கச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ராசம்மா குடுத்தாங்க. நீ எனக்காவ வெறுங்காப்பி குடிக்கற. நான் கற்கண்டு திங்கறேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“சொல்லாமச் செத்துப்போயிருப்பீங்க!”

அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கற்கண்டில் சீரக வாடை ஏறியிருந்தது. பாதியை அவன் பையில் போட்டுவிட்டு, மீதியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அந்த ராசம்மாளுக்கு என்ன வயசுங்க?”

“பேரன் பேத்தி எடுத்தவங்க.”

“பொறகு எதுக்குங்க ரோசாக் கலர்ல துணி?”

சுப்பண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்.”