பின்னால் வந்த தண்ணீர்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டலாக்குக்குப் படமெடுப்பவள் கீதாஞ்சலி. பின்னணிக்காக அவள் எடுத்துவந்த கடல் படங்களை, "கடல்னு எழுதி ஒட்டுனாத்தானுங்க தெரியும்" என்று மேனேஜர் திருப்பிக் கொடுத்துவிட்டார். உச்சிவெயிலில் எடுத்தவை. தொடுவானம் படத்தைச் சரிபாதியாக வெட்டியிருந்தது. கண் தங்க முன்னால் ஒன்றுமில்லை.

அதனால் மறுபடியும் அதே தென்கடற்கரை. துணைக்குக் கணவன் தரணீதரன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மணலில் நடந்துபோய்ச் கடலுக்குள் சற்றுத் தள்ளிக் கிடந்த பாறையில் ஏறி, கேமரா ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்தாள். முன்னால் பாசிக் கல், ஓரத்தில் வளையும் கரை, பக்கவாட்டில் மஞ்சள் வெயில். ஷட்டரை மெதுவாக்கியதும் வடியும் அலை நூல் நூலாகப் பதிந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தாள்.

முழங்கால் சில்லிட்டபோதுதான் திரும்பினாள். நடந்து வந்த மணல் இல்லை. தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினாள். அடுத்த அலை ஸ்டாண்டை உருவிக்கொண்டு போனது.

அவளுக்கு நீச்சல் தெரியாது. தரணீதரனுக்கும் தெரியாது. ஆனால் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான்.

"வராதீங்க! ஏனுங்க, அங்கயே நில்லுங்க!"

"குதிச்சுரு புள்ள! நான் புடிச்சுக்கறேன்!"

பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓய்ந்ததும் தண்ணீர் கொஞ்சம் வடியும். அந்த நேரம் பார்த்துத்தான் இதுவரை படமெடுத்திருந்தாள். இப்போதும் அதற்கே காத்திருந்தாள். ஓர் அலை. பாறையை நகத்தால் பற்றிக் குந்தினாள். இன்னொன்று, உப்பு மூக்கில் ஏறியது. வடிந்தது. குதித்தாள். மார்பளவு. கால் தரையைத் தேடியது, வழுக்கியது, ஊன்றியது. தரணீதரனின் கை அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

கரையில் விழுந்து கிடந்தபோது, "ஊட்டுக்குப் போயர்லாங்க" என்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வரவில்லை.

திருப்பூர் வந்த பிறகும் பல நாள் அந்தப் படங்களைத் திறக்கவில்லை. திறந்தபோது வெளிச்சம் அவள் நினைத்தபடியே விழுந்திருந்தது. கடைசிப் படத்தின் ஓரத்தில், கரையில் தரணீதரன். தூக்கிய கைகள் கலங்கலாகப் பதிந்திருந்தன. முந்தைய படத்திலும் அப்படியே நின்றான். அதற்கு முந்தையதிலும்.

"எவ்வளவு நேரமா கூப்புட்டீங்க?" என்றாள்.

"தொண்ட கட்டற வரைக்கும்" என்றான் அவன். "நீ திரும்பவே இல்ல புள்ள."