அளவு மட்டை

என் வீட்டுக்காரர் அறிவரசனுக்கு நாற்பத்தாறாவது வயதில் கோல்ஃப் வந்தது. மற்றவர்களுக்குச் சர்க்கரை வருகிற வயது. சர்க்கரையே வந்திருக்கலாம் என்று பின்னால் நான் நினைத்துக்கொண்டதுண்டு. அதற்கு மாத்திரையாவது இருக்கிறது.

அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் சுரங்கப் பிரிவில் அசிஸ்டெண்ட் மேனேஜர். பிறந்து வளர்ந்தது வேப்பந்தட்டையில், மக்காச்சோளக் காட்டில். டிவியில் கோல்ஃப் வந்தால்கூடச் சேனலை மாற்றிவிடுகிற மனிதர்.

ஆலைக்குப் புது யூனிட் ஹெட்டாக ராஜராஜன் சார் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், சென்னைக்காரர். வந்த மூன்றாம் மாதமே, கல் வெட்டி முடித்து மண் நிரப்பிய பழைய சுரங்கத்தின் மேல் புல் போடச் சொன்னார். நான்கு குழி தோண்டி நான்கு கொடி நட்டார்கள். புல்லுக்கு நாள் தவறாமல் தண்ணீர் லாரி வந்தது. முதலில் சந்தோஷப்பட்டவை பக்கத்து ஊர் ஆடுகள்தான். பிறகு அவற்றை விரட்டுவதற்கென்றே ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விருப்பமுள்ளவர்கள் விளையாட வரலாம் என்று சர்க்குலர் வந்தது. ஆலையில் விருப்பமில்லாதவர் ஒருவர்கூட இல்லை. காரணம், அதே வாரம் வந்த இன்னொரு செய்தி. ராஜஸ்தானில் புது யூனிட் தொடங்குகிறார்கள், இங்கிருந்து ஆறு பேரை மாற்றப் போகிறார்கள், அந்த லிஸ்ட்டைப் போடுவது ராஜராஜன் சார்.

எங்கள் வீட்டுக்கு அந்த லிஸ்ட்தான் எமன். மகள் சண்முகப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பு. எனக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினோரு வருஷமாகத் தையல் கடை. போனால் இவர் தனியாகத்தான் போகவேண்டும். திருச்சிக்கு மீட்டிங் போனாலே ராத்திரிச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுகிற ஆள் இவர். இவர் இல்லாத வீட்டில் ஒரு வாரம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறிப் போனேன். அந்த லிஸ்ட்டில் இவர் பேர் வராமல் இருந்தால் இவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இவர் கோல்ஃபை நம்பினார்.

"பக்கத்துல நின்னு நாலு பந்து ஒழுங்கா அடிச்சா, நம்மள அவருக்குப் புடிச்சிப் போயிரும். புடிச்சவனைத் தூக்கி அனுப்புவாரா?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நாலு பந்தை ஒழுங்காக அடிக்கவேண்டுமே. இவர் களை கொத்துகிற வாக்கில் மட்டையை இறக்குவார். பந்து இருந்த இடத்தில் இருக்கும், புல்தான் பெயர்ந்து போகும். பொது உபயோகத்துக்கென்று ஸ்டோர் ரூமில் போட்டிருந்த பழைய மட்டைகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு மட்டையில் மூன்று பந்து நேராகப் போய்விட்டது. அதில் ஆர்.ஆர். என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டார். "சார், இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி பிராக்டிஸ் பண்ணட்டுமா?" என்று கேட்க, சாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். அன்று முதல் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி ராஜா ஊருக்கு வந்தான்.

"மாமா, தப்பு ஒங்க மேல இல்ல. கண்டவன் ஸ்டிக்க வச்சி ஆடுனா இப்படித்தான். பெங்களூர்ல ஒரு கடை இருக்கு. ஆளுக்குத் தகுந்த மாதிரி அளவெடுத்துச் செஞ்சு தரான்" என்றான்.

உயரம், மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் எவ்வளவு, உள்ளங்கை எவ்வளவு, கையை வீசுகிற வேகம் எவ்வளவு, எல்லாவற்றையும் மெஷினில் பார்த்துத்தான் செய்வார்களாம். ஐந்து மட்டைக்கு அவன் சொன்ன விலை, பிரியாவுக்கு ஸ்கூட்டி வாங்க எடுத்து வைத்திருந்த தொகைக்குச் சரியாக வந்தது.

இரண்டு வாரம் இவர் தூங்கவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று சுரங்க சூப்பர்வைசர் கொளஞ்சியிடம் கேட்டிருக்கிறார். கொளஞ்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மட்டைய மாத்துனா கை மாறிருமா சார்?" என்று கேட்டாராம்.

அந்த மனிதர் சொன்னதை அப்படியே விட்டிருக்கவேண்டும். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அளவெடுத்துச் செய்கிற தொழிலில் சோறு தின்கிறவள் நான். அளவு ஒரு பொருட்டா என்று ஒருத்தர் கேட்டால் விடுவேனா?

"கொளஞ்சிண்ணன் ரெடிமேட் சட்ட போடுற ஆளு, அவருக்கு என்ன தெரியும்?" என்றேன். "அரை இஞ்ச் ஏறுனா தோள்பட்ட புடிக்கும். கை தூக்க முடியாது. ஒங்களுக்கு அதான் ஆயிருக்கு. போயி அளவு குடுத்துட்டு வாங்க."

போவதில்தான் சிக்கல். லிஸ்ட் போடுகிற நேரத்தில் லீவு கேட்டால் சாரின் கண்ணில் விழும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் ஞாயிறு கோல்ஃப். கோல்ஃப் நன்றாக ஆடுவதற்காகக் கோல்ஃபுக்கு மட்டம் போடலாமா என்று இவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார்.

வழி சொன்னது நான்தான். ஒருத்தர் தலையிலும் போடமாட்டேன்.

என் கடைக்கு வருகிற பத்து ஜாக்கெட்டில் எட்டுக்கு ஆள் வருவதில்லை. அளவு ஜாக்கெட்தான் வரும். ஒரு பழைய ஜாக்கெட்டைத் துணிப்பையில் துணியோடு சுருட்டிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். பெரம்பலூரிலிருந்து வரும், சிங்கப்பூரிலிருந்துகூட வரும். முகம் பார்க்காமலே நான் தைத்துத் தந்த கல்யாண ஜாக்கெட்டுகள் நூறு இருக்கும்.

"ஆளு எதுக்குப் போவணும்? அளவ குடுத்துவுடுங்க" என்றேன். "கைக்கு அமைஞ்ச மட்டை ஒண்ணு இருக்குல்ல? அதான் அளவு."

இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பழைய வேட்டியில் சுற்றி மட்டையை ராஜாவிடம் கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான்.

"அக்கா, கடைக்காரன் ஆளு வந்தே ஆவணுங்கறான். அவரு பந்த அடிக்கறத அவன் பாக்கணுமாம்."

"அளவு குடுத்தா செய்யத் தெரியாதவன் என்ன கடைக்காரன்? இதுல இருக்கற மாதிரியே வேணும். நீளம், புடி, எழுத்து எல்லாம் அப்படியே. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்னு கண்டிப்பா சொல்லு."

ராஜா கண்டிப்பாகச் சொன்னான். கடைக்காரனும் கண்டிப்பாகச் செய்தான்.

ஒரு மாதத்தில் ஐந்து மட்டை வந்தது. கூடவே அளவு மட்டையும் பத்திரமாகத் திரும்பி வந்தது. வேலை என்றால் அது வேலை. ஐந்திலும் ஆர்.ஆர். என்று அச்சடித்தாற்போல் எழுத்து. கம்பெனி முத்திரையைக்கூட விடவில்லை பார் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். ஐந்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அந்த ஞாயிறு சார் எல்லோரையும் குடும்பத்தோடு டிபனுக்கு அழைத்திருந்தார். நானும் பிரியாவும் பொங்கல் தட்டோடு புல் ஓரத்தில் நின்றோம். இவர் பையைத் திறந்து புது மட்டையை எடுத்தார். முதல் பந்து நகரவில்லை. இரண்டாவதும் நகரவில்லை. மட்டை புத்தம் புதிது என்பதால் புல் இன்னும் சுத்தமாகப் பெயர்ந்தது.

சார் வந்தார். மட்டையை வாங்கிப் பார்த்தார். பிடித்து நின்றார், ஒரு வீச்சு வீசினார். பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சார் மட்டையைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதரின் கண் கலங்கிவிட்டது.

"அறிவரசன்! பிராக்டிஸுக்குன்னு என் பழைய ஸ்டிக்க கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே, இதுக்குத்தானா? என் அளவு... என் இனிஷியல்... எனக்கா?"

ஆர்.ஆர். என்றால் ராஜராஜன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறடி ஆளுக்கு வெட்டிய மட்டையை அளவு என்று கொடுத்துவிட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே.

இல்லை சார், எனக்கு என்று அந்த இடத்தில் எவனால் சொல்லமுடியும்?

"ஆமாங்க சார்" என்றார் இவர்.

சார் இவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "நானும் ராஜஸ்தான் யூனிட்டுக்குத்தான் போறேன், இன்னும் யாருக்கும் சொல்லல. சொல்லாமலே புரிஞ்சு செய்யற ஆள் ஒருத்தர் எனக்கு அங்க வேணும். லிஸ்ட்ல உங்க பேரே இல்ல பாருங்க, என்ன முட்டாள்தனம். நாளைக்கே சேர்த்துடறேன். மேனேஜர் ப்ரமோஷனோட."

மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். கொளஞ்சி மட்டும் தட்டவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பொங்கல் தட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரியா மட்டும், "அப்பா பேரு லிஸ்ட்ல இல்லவே இல்லயாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதுதான் விஷயம். மாதா தன் வேலையை என்றைக்கோ முடித்து வைத்திருந்தாள். நாங்கள்தான் ஸ்கூட்டிக் காசைப் போட்டுத் திருத்தம் செய்துகொண்டோம். கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள், கடன் கடன்தான் என்று இவரே போய்த் தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்யச் சொல்லிவிட்டு வந்தார்.

ஐந்து மட்டையும் சாரோடு போயிற்று. அளவு மட்டையை எங்களையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இப்போது அதில் பரண் மேலிருக்கும் சாமானை இழுக்கிறோம்.

இவர் கிளம்ப நான்கு நாள் இருந்தது. ராஜஸ்தானில் குளிர் எலும்பைத் தின்னும் என்றார்கள். பெரம்பலூர் போய் கனமான ஃபிளானல் துணி எடுத்து வந்து, கடையில் வெட்ட உட்கார்ந்தேன். பழக்கத்தில் என் கை ஆணியில் தொங்கிய அளவுச் சட்டைக்குப் போனது. இவருக்கு நான் தைக்கிற எல்லாச் சட்டைக்கும் அதுதான் அளவு. பிரியா பிறந்த வருஷம் தைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

"அளவுச் சட்ட இருக்குல்ல?"

"வந்து நில்லுங்கங்கறேன்."

வந்து நின்றார். கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். அளவுச் சட்டை நாற்பது இஞ்ச் மார்புக்குத் தைத்தது. டேப் முப்பத்தேழு காட்டியது. இடது தோள் வலதைவிட முக்கால் இஞ்ச் இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது? பதினேழு வருஷமாகத் தினம் ஒரே தட்டுக்கு எதிரே உட்கார்ந்து தின்றவளுக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள எல்லோர் உடம்பும் எனக்கு அத்துப்படி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் முதுகுப் பக்கம் நின்றதால் அவருக்குத் தெரியாது.

"ஒடம்ப குறுக்காம நில்லுங்க" என்றேன்.

"குறுக்கலயே பூவிழி."

டேப்பை எடுத்து மறுபடியும் சுற்றினேன். முப்பத்தேழுதான்.