கின்லொக் குலத்தின் சுழி

கின்லொக் துரை பூதக்கண்ணாடியை எடுத்து முதற்பக்கத்தின் உச்சியில் பிடித்தபோது இரத்தினசிங்கம் மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றார். ஆறு மாதம் குனிந்த தலை நிமிராமல் எழுதிய ஏடு. எழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு துளி மை சிந்தவில்லை. துரை அதையெல்லாம் பார்க்கவில்லை. வரிகளுக்கு மேலே, தாளின் நடுவில், சுழித்து வாலை வலப்பக்கம் நீட்டியிருந்த ஒரு சின்னக் குறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கங்களைப் புரட்டினார். அடுத்த சாசனத்தின் தலையிலும் அது இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. சத்தியமாகச் சொல்லலாம், ஒவ்வொன்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டிருப்பது அந்த நிமிடம்வரை இரத்தினசிங்கத்துக்கே தெரியாது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் காணி உறுதிப் பத்திரங்களுக்குப் பிரதி எழுதும் கிளாக்கராக இருபது வருடம் குந்தியிருந்த மனுசன், எழுபத்து நாலில் மனைவி யோகராணிக்கு மெல்பேர்ண் ஆசுபத்திரியொன்றில் தாதி வேலை கிடைக்க, அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவருடைய கையெழுத்து ஒருவருக்கும் தேவைப்படவில்லை. வேலை கேட்டுப் போன கந்தோரிலெல்லாம் உள்ளூர் அனுபவம் கேட்டார்கள். ஒரு வருடம் பெண்சாதி உழைக்க, அவர் ஃபுட்ஸ்கிறே வீட்டுக் குசினியில் பருப்பு அவித்தார். ‘அத்தான் அங்கை என்ன செய்யிறார்?’ என்று ஊரிலிருந்து மச்சான்மார் கேட்டு எழுதினால் யோகராணி அந்தக் கடிதத்தைச் சத்தம் போடாமல் மடித்து வைத்துவிடுவாள். அவள் மடிக்கிற பக்குவம்தான் அவரை அதிகம் சுட்டது.

அந்த நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. நகரத்தில் ஸ்கொட்லாந்துக்காரரின் சங்கமொன்று ஒரு நூலகம் வைத்திருந்தது. அதன் இரும்பு அலுமாரியில் கின்லொக் குலத்தாரின் நிலப் பட்டயங்கள், சம்பந்த ஒப்பந்தங்கள், சண்டைக் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மூலங்கள் ஸ்கொட்லாந்தில் ஒரு வீடு எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. அதற்கு முன்பு கப்பலேறிய ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையால் பிரதி பண்ணிக் கொண்டுவந்ததுதான் மிச்சம். இப்போது அந்த மையும் மங்கிக்கொண்டு வந்தது. படப்பிரதி மெசினின் வெளிச்சம் பட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று சங்கத் தலைவர் கின்லொக்குக்குப் பயம். அதனால் இன்னொரு முறை கையால் எழுத ஆள் தேடினார். முதல் தொகுதிக்கு ஆறு மாதம், பிடித்துக்கொண்டால் மிச்சத் தொகுதிகளுக்கு நிரந்தரம் என்று பேச்சு.

இரத்தினசிங்கம் எழுதியது ஈயடிச்சான் கொப்பி என்றால் ஈயடிச்சான் கொப்பிதான். வாத்தியார் தூக்கக்கலக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு தரம் எழுதியிருந்தால் இவரும் இரண்டு தரம் எழுதினார். புழு அரித்த இடத்தில் அதே அளவுக்கு வட்டம் கீறி, ஓட்டை என்று குறித்தார். நகலெழுதுகிறவன் மூளையைப் பாவித்தால் ஊரில் வேலிச் சண்டை வெட்டுக்குத்தில் போய் முடியும் என்பது கச்சேரிப் பாடம். ஆனால் கச்சேரித் தாளில் அரசாங்க முத்திரை உச்சியில் அச்சடித்தபடி வரும், கைக்கு இடமிருக்காது. இங்கே கொடுத்தது தடித்த வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளைக் கண்டால் ஐந்து வயதில் ஏடு தொடக்கின நாள் முதல் சுழி போட்டுப் பழகின கை யாரைக் கேட்கும்?

துரை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவர் இங்கிலீசில் சொன்னதை நாங்கள் தமிழில் வைத்துக்கொள்வோம்.

“சிங்கம்,” என்றார். பெயரின் முன்பாதி அவருடைய வாய்க்குள் நுழைவதில்லை. “குலச்சின்னம் இல்லாத குடும்பம் என்று இந்தச் சங்கத்தில் எத்தனை பேர் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் தெரியுமா? அது இந்தக் கட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் கிழட்டுக் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ புழு ஓட்டையைக்கூட விடாத ஆள்.”

எழுந்து வந்து இரண்டு கையாலும் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவருடைய வேலைக்காக ஒருவர் கைகுலுக்கியது அதுதான் முதல் தடவை. வாய்வரை வந்த உண்மையை இரத்தினசிங்கம் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“அங்கையே சொல்லிப்போட்டு வந்திருக்கலாமேயப்பா,” என்றாள் யோகராணி, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு.

“அந்த மனுசன் அழுதுபோட்டுது. அழுகிற ஆளிட்ட என்னெண்டு சொல்லுறது?”

“பிள்ளையார் சுழி எண்டு சொல்லுறது.”

“சொன்னால் வேலை போச்சு. ஓட்டைக்கு வட்டம் கீறினவன் இல்லாததையும் எழுதியிருக்கிறான் எண்டால், மிச்சத்தை ஆரப்பா நம்புவினம்? நீர் திரும்பவும் கடிதம் மடிக்க வேண்டியதுதான்.”

யோகராணி கத்தியை வைத்தாள். அவள் கடிதம் மடிப்பதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கத்தியைத் திரும்ப எடுத்தபடி, “பிள்ளையாருக்கும் வெள்ளைக்காரருக்கும் சம்பந்தம் பேசி முடிச்சிட்டியள். இனிக் கலியாணத்தைப் பாப்பம்,” என்று சொல்லி மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கலியாணம் வரத்தான் செய்தது. கொஞ்ச நாளில் நூலகத்துக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே கழுத்தில் கட்டுகிற ரை, நூற்றுக்கணக்கில். கரும்பச்சைப் பட்டில் பொன்நூலால் வரிசை வரிசையாகப் பிள்ளையார் சுழி. துரை ஒன்றைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தபடி, வருகிற சங்க விருந்தில் புது ஏட்டையும் வாத்தியாரின் பழைய ஏட்டையும் கண்ணாடிப் பெட்டியில் பக்கத்துப் பக்கமாக விரித்து வைக்கப்போவதாகச் சொன்னார். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமாம்.

கண்ணாடிப் பெட்டி சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மரியாதை என்று இரத்தினசிங்கம் முடிவுசெய்தார். நின்றபடியே சொன்னார். யானைமுகம், எந்தக் காரியத்துக்கும் முதல் வணக்கம், ஐந்து வயதுக் கை, எல்லாவற்றையும். துரை பழைய ஏட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மங்கிய பழுப்பு மை உன்னால் கலக்க முடியும், இல்லையா?”

“முடியும், ஐயா.”

“ஒரே ஒரு சுழி. வாத்தியாரின் முதற்பக்கத்தில் மட்டும். வேலை உனக்கு நிரந்தரம்.”

பழைய ஏடு அவருக்கு முன்னால் நகர்ந்து வந்தது, பின்னால் பேனாவும். இரத்தினசிங்கத்துக்கு மச்சான்மாரின் கடிதங்கள் ஞாபகம் வந்தன. பருப்புச் சட்டி ஞாபகம் வந்தது. ஆசைப்படவில்லை என்று சொன்னால் பொய். கை பேனாவரை போய்த்தான் திரும்பியது.

“என்னுடைய தாளில் என்ன பிழை விட்டாலும் அது என்னுடைய பிழை, ஐயா. பார்த்து எழுதுகிற ஏட்டில் நான் கை வைக்கமாட்டேன். எங்கள் ஊரில் காணி உறுதியில் பிறகு சேர்ந்த ஒரு கீற்றுக்காக அண்ணனும் தம்பியும் செத்தவீட்டுக்கும் போகாமல் இருக்கிறார்கள்.”

துரை பழைய ஏட்டை மூடி, பெட்டியிலிருந்த ரைகளைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து நீட்டி, “சனிக்கிழமை விருந்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வா,” என்றார். மன்னித்துக் கூப்பிடுகிறாரா, ஊர் பார்க்கத் துரத்துவதற்குக் கூப்பிடுகிறாரா என்று இரத்தினசிங்கத்துக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை யோகராணி காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு வந்தாள். மண்டபம் நிறையப் பாவாடை கட்டிய ஆம்பிளைகள், ஒவ்வொரு கழுத்திலும் சுழி. கண்ணாடிப் பெட்டியில் இரண்டு ஏடும் கிடந்தன. பழையதன் தலை வெறுமையாகவே இருந்தது.

“இனி என்னப்பா நடக்கும்?” என்று யோகராணி காதுக்குள் கேட்டாள்.

“பிள்ளையார் விட்ட வழி.”

துரை எழுந்து கரண்டியால் கிளாசைத் தட்டினார். “பழைய ஏட்டில் இந்தச் சின்னம் இல்லை. தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்,” என்றார். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “இது நம் எழுத்தர் சிங்கத்தின் ஊர்ச் சின்னம். அங்கே இதை இடாமல் ஒருவரும் ஒரு காரியத்தையும் தொடங்குவதில்லையாம். நம் முன்னோர் ஒருவரும் இதை இடவில்லை. அவர்கள் போன சண்டையெல்லாம் எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். இனி இது நம்முடையது. திங்கட்கிழமை சிங்கம் இரண்டாம் தொகுதியைத் தொடங்குகிறார்.”

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு மேசையெல்லாம் தட்டினார்கள். யோகராணி மேசைக்குக் கீழே புருசனின் கையைத் தேடிப் பிடித்தாள்.

அந்த நேரம் பைப்காரர் அக்குளில் இடுக்கிய தோற்பை வாத்தியத்தைக் கன்னம் உப்ப ஊதி வர, பின்னால் வெள்ளித் தட்டில் அவர்களுடைய விசேட பலகாரம் வந்தது. ஆட்டின் இரைப்பைக்குள் ஈரலையும் கொழுப்பையும் அடைத்து அவித்த பெரிய உருண்டை. அதன் உச்சியில் மஞ்சள் நிறக் கிழங்கு மசியலால் அழகாக ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள்.

“ஐயோ, பிள்ளையார் சைவமப்பா,” என்றாள் யோகராணி.

இரத்தினசிங்கத்துக்கு அது காதில் விழவில்லை. சுழியைக் கண்ட கைகள் இரண்டும் குறுக்காக எழும்பி நெற்றிப்பொட்டில் மெல்லக் குட்டத் தொடங்கிவிட்டன. கண்ணை மூடிக் குட்டி முடித்துத் திறந்தபோது மண்டபத்தில் பைப் நின்றிருந்தது. எதிரே கின்லொக் துரை கைமுட்டி இரண்டையும் குறுக்கே மடக்கி, எந்தக் கை மேலே வரவேண்டும் என்று அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேசைக்கு மேசை, பாவாடை கட்டிய அத்தனை பேரும் துரையைப் பார்த்துப் பார்த்து நெற்றியில் குட்டிக்கொண்டிருந்தார்கள்.