நாலரை அடி வாசல்

கொத்தனாருக்கு இருமல் வந்தால் தையல்காரி மிஷினை மிதிப்பாள். ஊசிக்குக் கீழே துணி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். அது கடகடவென்று ஓடுகிற சத்தத்தில் புருஷனின் இருமல் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரருக்குக் கேட்காது என்பது அவள் நினைப்பு. கொத்தனாரும் தன் பங்குக்குத் தலையணையை வாயில் அழுத்திக்கொள்வார். முப்பது வருஷம் சிமெண்டுத் தூசி குடித்த நெஞ்சு அதற்கெல்லாம் அடங்குமா?

அன்று அவள் நிமிர்ந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவர் பார்வை வெறும் ஊசியின் மேல் இருந்தது.

"யாருக்கும்மா தைக்கிற?"

காலை எடுத்தாள். மிஷின் நின்றது, இருமல் நிற்கவில்லை.

"டாக்டர் கைவிட்டுட்டாராமே?"

"மருந்து குடுத்திருக்காரு சார். கொஞ்சம் தேவலை."

"மறைக்காதம்மா. நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா இங்க ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அப்புறம் எவன் குடி வருவான்? இன்னைக்கே ஆஸ்பத்திரில சேத்துடு. அப்புறம் இங்க கொண்டாந்துடாத. அங்கேருந்தே எடுத்துடுங்க."

உயிரோடிருக்கிற மனுஷனின் காதுபடச் சொல்லிவிட்டுக் கவனமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இந்த மாடியைக் கட்டியதே கொத்தனார்தான். படியை அகலமாக வைக்கலாம் என்று அவர் சொன்னபோது, "குடியிருக்கறவன் காலால ஏறி எறங்கினா போதும்யா" என்று இடத்தை மிச்சம் பிடித்தவர் இந்த வீட்டுக்காரர். அந்தப் பேச்சுக்கு அன்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"நம்ம வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் கொத்தனார்.

"கதவு இல்ல, ஜன்னல் இல்ல, தரைகூடப் போடல."

"மேல தளம் இருக்குல்ல?"

ஊருக்கு வெளியே, லீவு நாட்களில் அவரே கல்மேல் கல் வைத்து எழுப்பிய ஒற்றை அறை அது. வாசலை மட்டும் நாலரை அடி அகலத்துக்கு விட்டிருந்தார். "யானையா வரப்போகுது?" என்று அவள் கேலி செய்தபோதும் பூசிக்கொண்டே இருந்தார்.

பின்கட்டில் குடியிருந்த கண்டக்டர்தான் அவரை நாற்காலியோடு இறக்க உதவினான். நாற்காலி படியில் கொள்ளவில்லை. பக்கவாட்டில் சாய்த்ததும் கொத்தனாரின் முட்டி சுவரில் உரசித் தோல் வழன்றது. "என் பூச்சு. லேசுல பேராது," என்றார்.

புது வீட்டில் வாசலுக்குச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். இருமல் வந்ததும் அவர் கை தலையணையைத் தேடியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இருமுங்க. நல்லா இருமுங்க. இங்க எவன் கேக்கறான்?"

அவர் இருமினார். இருமலுக்கு நடுவே சிரித்தார். இத்தனை வருஷமும் யார் காலடி கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே வாழ்ந்தவள், அன்றுதான் காலை நீட்டித் தூங்கினாள். பத்தொன்பது நாள் அந்தச் சுவர்கள் அதிரும்படி இருமிவிட்டு, இருபதாம் நாள் அவர் அடங்கினார்.

நான்கு பேர் தூக்கினார்கள். எங்கும் இடிக்கவில்லை, எவரும் சாய்க்கவில்லை. நேராக, படுத்தபடியே வெளியே போனார். அந்த வாசல் எதற்கென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் கழித்து அதே கண்டக்டர் வந்து நின்றான். தைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. வீட்டுக்காரர் ஒங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிட்டாரு." வாசலை ஒருமுறை அளப்பதுபோல் பார்த்தான். "ஆனப்புறம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், இங்க கெடத்திக்கலாமா?"

"கூடாது," என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"உசுரோட இருக்கும்போதே கூட்டிட்டு வா. இன்னைக்கே."

எழுந்து போய், கொத்தனார் படுத்திருந்த இடத்தில் பாயை விரித்தாள்.