மாப்பிள்ளை இன்னும் காயவில்லை

மாப்பிள்ளை லேசரில் வந்துகொண்டிருந்தார். தோஹாவில் ஒரு நாள்தான் லீவு கொடுத்தார்கள். ஒரு நாளில் லேசரில்தான் வர முடியும்.

காங்கேயம் ரோட்டு மண்டபம் பெரியது. அது கொள்ளாத கூட்டம். அத்தனை பேர் கையிலும் போன். எல்லாரும் ஒரே சமயத்தில் மணவறையைப் படம் பிடித்து, வராத சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். டவர் திணறிவிடும். அந்த நெரிசலில் டவர் வழியாக ஆளை இறக்கினால் உருப்படியாக வந்து சேரமாட்டார். போன வைகாசியில் ஒருவருக்கு முகூர்த்தத்துக்குத் தலை வந்தது. உடம்பு சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வந்தது. போட்டோக்காரன்தான் பாவம்.

தோஹாவிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேபிள் இருக்கிறது. மண்டபம் வரைக்கும் புதைக்கலாம். நடுவில் நெடுஞ்சாலை. தோண்ட விடமாட்டார்கள். அதனால் லேசர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நூல் மில் மாடியில் ஒரு பெட்டி, இந்தப் பக்கம் மண்டபத்து மாடியில் ஒரு பெட்டி. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. நடுவில் காக்காய், பட்டம், பலூன் எதுவும் வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கையில் ஒரு மூங்கில் கழி. கண் முன்னால் பெட்டியின் விளக்கு. பச்சை என்றால் ஆள் வருகிறார். சிவப்பு என்றால் நின்றுவிட்டார்.

பச்சையைப் பார்த்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது. எப்போது சிவப்பாகும் என்றே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். விட்டால் தைதான். தையில் அந்தப் பையனுக்கு லீவு கிடையாது. பெண் வீட்டார் காலையிலிருந்து இதையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், முகூர்த்தத்தைக் குறித்தவனே நான்தான் என்பதுபோல.

முதலில் பாதங்கள் வந்தன. மணவறைப் பலகையில் வந்து நின்றன. பெண்ணின் தம்பி சொம்புத் தண்ணீரோடு காத்திருந்தான். வந்தவரைக்கும் ஆகட்டும் என்று கழுவிவிட்டான். முழங்கால் வரை வந்தது. விளக்கு சிவப்பானது.

வானத்தைப் பார்த்தேன். காக்காய் இல்லை. கீழே பார்த்தேன். சமையல்கட்டு மொட்டைமாடிக்கு மேலே லேசர் கதிர் தலை உயரத்தில் போகிறது. அதில் ஒரு வேட்டி தொங்கியது. சொட்டச் சொட்ட.

இந்த வயசில் ஓடக்கூடாது. ஓடினேன்.

சமையல் மாஸ்டர் ராக்கியண்ணன் வேட்டியின் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"சோறு கொட்டி ஆத்தற வேட்டிங்க. பந்திக்கு வேணும். அலசிப் போட்டிருக்கறனுங்க."

"கொடியில போட வேண்டியதுதானே?"

"இதும் கொடியாட்டத்தானுங்க இருக்குது. தொய்வே இல்லை. நானும் எத்தனையோ மண்டபம் பார்த்துட்டனுங்க, இப்படி ஒரு கொடி எங்கயும் கட்டலைங்க."

"கண்ணுக்கே தெரியாதேய்யா. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"சும்மா வீசிப் பார்த்தனுங்க. நின்னுக்குச்சுங்க."

நம்மாட்கள் அப்படித்தான். நேராக ஒன்று போனால் அதில் துணி காயும்.

வேட்டியை இறக்கினேன். கனத்தது. முழங்காலுக்கு மேல் ஆள் முழுவதும் அதில்தான் இருந்தார். ஈரத்துணி லேசரைக் குடித்துவிடும். காயக் காயத்தான் விடும்.

பெண்ணின் அப்பா குப்பண்ணன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"பெரியவரே, மாப்பிள்ளை எங்கீங்க?"

வேட்டியைக் காட்டினேன்.

"புழிஞ்சு எடுத்துரலாமுங்களா?"

பின்னாலேயே வந்த மாப்பிள்ளையின் அம்மா படியில் நின்றபடியே கத்தினாள்.

"எம்பையனப் புழிஞ்சீங்கன்னா இந்தச் சம்மந்தமே வேண்டாம், சொல்லிப்போட்டேன்!"

அந்த அம்மாள் சொன்னது நியாயம். பிழிந்தால் ஆள் வருவார். சுருக்கம் கடைசி வரை போகாது. இதற்குள் ஒரு மூலையில் சொட்ட ஆரம்பித்திருந்தார். ராக்கியண்ணன் ஓடிப்போய் ஒரு குண்டாவைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

"அடுப்பு மேல காட்டட்டுங்களா? ஒரு கொதி நேரந்தானுங்க."

"பொகை புடிச்ச மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்" என்றார் குப்பண்ணன்.

"சாம்பார் அடுப்புங்க. வாசமாத்தான் இருப்பாரு."

"யோவ், நீ சும்மா இரு."

வாசலில் இருந்த பெரிய விசிறியை ஆட்கள் தூக்கி வந்தார்கள். அது பன்னீர் தெளிக்கிற விசிறி. வேட்டி இன்னும் நனைந்தது. கழியை வீசி எறிந்தேன்.

கீழே நாதஸ்வரக்காரர் வாசிக்க வேண்டியதையெல்லாம் வாசித்து முடித்து, முதலிலிருந்து தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் மணவறையிலிருந்து ஆள்மேல் ஆளாக அனுப்பினார். வந்த ஒவ்வொருவனும் "நல்ல நேரம் போகுதுங்க" என்றான். போவது எனக்குத் தெரியாதா?

கடைசியில் பெண்ணே வந்துவிட்டாள். பிரவீணா. கழுத்தில் மாலை, கையில் எலுமிச்சம்பழம். வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய எவ்வளவு நேரமாகுமுங்க?"

"மத்தியானம் ஆகும்."

"முகூர்த்தம்?"

"அதுவரைக்கும் தாங்காது."

சொட்டிய மூலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். பிறகு, "ஈரத்தோடயே வரட்டுமுங்க" என்றாள்.

"கண்ணு, ஊரு என்ன பேசும்?" என்றார் குப்பண்ணன்.

"ஊரு பந்தியில எடம் புடிக்கப் போயிருக்கும்ப்பா. ரெண்டு வருசமா போன்லயே பேசிட்டு இருக்கறோம். இன்னைக்கு அவரு கைக்கு எட்டற தூரத்துல இருக்கறாரு. ஈரமா இருந்தா என்ன?" வேட்டியிடம் குனிந்தாள். "ஏனுங்க, முடிச்சுப் போட முடியுமுங்களா?"

விசிறியை நிறுத்தியிருந்தோம். காற்று இல்லை. வேட்டியின் ஓரம் அசைந்தது.

அவளே தூக்கிக்கொண்டாள். வேறு யாரையும் தொட விடவில்லை. கூறைப்புடவை முன்பக்கம் முழுக்க நனைந்தது. நான் குண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சொட்டிப் போனது எந்தப் பாகம் என்று தெரியாது. காதாக இருந்தால்கூட விட்டுவிட முடியாது.

மணவறையில் முழங்கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் மேல் வேட்டியை வைத்தாள். பொருந்தியது. குண்டாவில் இருந்ததை மேலே ஊற்றினேன். குடித்துக்கொண்டது. அருமைக்காரர் தாலியை நீட்டினார். வேட்டியின் இரண்டு முனைகளும் எழுந்து மஞ்சள் கயிற்றைப் பிடித்தன.

கெட்டிமேளம்.

முடிச்சு வழுக்கியது. ஈரம். கொட்டுகிறவர் கை நோகக் கொட்டினார். மறுபடி வழுக்கியது. குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பிரவீணா கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, "அவசரமில்லீங்க, மெதுவாப் போடுங்க" என்று சொன்னாள். அந்த மண்டபத்திலேயே அவசரம் இல்லாத ஒரே ஆள் அவள்தான். முடிச்சு விழுந்தது. மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டாள். அட்சதை வேட்டியில் ஒட்டிக்கொண்டது.

ராக்கியண்ணன் என் காதோரம் வந்தார்.

"வேட்டி பந்திக்கு வேணுமுங்க."

"இனி அது குடும்பஸ்தன்யா. வேற பாரு."

வாழையிலையில் கொட்டி ஆற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் வேலை முடிந்தது. பெட்டியை அணைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். வேட்டி மணவறையிலேயே காயட்டும், மத்தியானத்துக்குள் முழு ஆளாக எழுந்துவிடுவார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அருமைக்காரர் சாப்பிடவில்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு மண்டபம் பாக்கி. மூன்றுக்கும் சேர்த்து அவரிடம் இருந்த நல்ல நேரம் ஒன்றுதான். மணவறைப் பலகைக்கு அடியிலிருந்து அந்த நல்ல நேரத்தை இழுத்து, அட்சதையைத் தட்டிவிட்டு, மடித்துத் தோள்பையில் போட்டுக்கொண்டார். பைக்கில் ஏறிப் போய்விட்டார். அது போனபிறகு மண்டபத்தில் ஓடச் சாதாரண நேரத்துக்கு மண்டபக்காரர்கள் ஏற்பாடு செய்திருக்கவில்லை. வாடகையில் அது சேராதாம்.

வேட்டி காயவும் இல்லை, நனையவும் இல்லை. பிரவீணா அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பாயசம் ஊற்றினார்கள். அது கரண்டியிலிருந்து இறங்கிவிட்டது, இலைக்கு வந்து சேரவில்லை. அப்பளத்தை நொறுக்கி வைத்திருக்கிறேன்.