அடர் நீலத்தில் ஓர் அறிக்கை

பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலம் போகிற சாலையில் உள்ள அர்ச்சுனன் கலை அறிவியல் கல்லூரிக்கு முனைவர் மாதவராஜ்தான் மூன்று வருடமாக முதல்வர். ஆனால் முழு முதல்வர் இல்லை. அவர் அறைக் கதவில் இருந்த பெயர்ப் பலகையில் 'முதல்வர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்றும் எழுதியிருந்தது. கைகழுவிவிட்டு வரும்போதெல்லாம் ஈரக் கைக்குட்டையை அந்த அடைப்புக்குறியின் மேல்தான் காயப்போடுவார். மழைக்காலத்தில் அது காய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அவர் முழு முதல்வர்.

கல்லூரியின் தாளாளர் அர்ச்சுனன், பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று கடிதம் வந்ததும் அவர் மாதவராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நாம செஞ்சது ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர்ல ஆதாரம் காட்டணுமாமே வாத்தியாரே? லிங்க்கோ என்னமோ சொல்றாங்க. அது அவங்க கண்ணு முன்னாடி தெறக்கட்டும், அன்னிக்கே அந்த பிராக்கெட்ட பேத்து எறிஞ்சுடலாம்."

அர்ச்சுனன் சொன்னால் சொன்னதுதான். மண்டியில் துண்டுக்குள் கைபோட்டுப் பேசிய விலையையே மாற்றாத மனிதர்.

மாதவராஜ் இறங்கி வேலை செய்தார். அதாவது, பதினோரு துறைத் தலைவர்களை இறக்கி வேலை வாங்கினார். வேர்டில் இருநூறு பக்கத்துக்குத் தன்மதிப்பீட்டு அறிக்கை தயாரானது. பக்கத்துக்கு ஒன்றிரண்டாக முந்நூறு லிங்க்குகள். 'கவிதைப் பட்டறை நடத்தினோம்' என்றால் அதன் மேல் ஒரு கிளிக். பட்டறையின் படம் திறக்கும். 'ரத்த தான முகாம்' என்றால் கிளிக். ரத்தம் கொடுத்தவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அப்படித்தான் ஏற்பாடு. காகிதமில்லா நிர்வாகம் பற்றித் தருமபுரியில் கருத்தரங்கு நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் நானூறு பக்கக் கையேடு அச்சடித்துக் கொடுத்தவருக்கு இதெல்லாம் சாதாரணம்.

குழு வருகிற அன்று காலை, சும்மா ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மாதவராஜ் முதல் லிங்க்கை அழுத்தினார். திறக்கவில்லை. இரண்டாவதை அழுத்தினார். அதுவும் அசையவில்லை. பத்தாவது லிங்க்கில் அவருக்கு வேர்த்தது. கணினித் துறைத் தலைவர் அல்மாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அல்மாஸ் கையில் டீ கிளாஸோடு வந்தார். "என்னங்க சார், குழு வந்துட்டாங்களா?"

"குழு வர்றது இருக்கட்டும்மா. ஒரு லிங்க்கும் தெறக்கல."

"கண்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டு கிளிக் பண்ணீங்களா?"

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் மாதவராஜ். தெரியாது. அல்மாஸ் டீ கிளாஸ் வைக்க இடம் தேடித் திரும்பிய நேரத்தில் அமுக்கிப் பார்த்தார். ம்ஹூம்.

"நெட்டு இருக்குதுங்களா?"

"ஜோரா இருக்கு."

"ஃபைலுக்கு மேல மஞ்சப் பட்டையில 'எடிட்டிங்' பட்டன் எதாச்சும் காட்டுதுங்களா? பாதுகாப்புன்னு சொல்லி சில நேரம் பூட்டி வச்சுக்கும்."

பட்டையும் இல்லை, பூட்டும் இல்லை. கணினியை அணைத்துப் போட்டார்கள். வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். வேர்டையே புதிதாக ஏற்றிப் பார்த்தார்கள். மாதவராஜ் மவுஸைத் தலைகீழாகத் திருப்பி ஊதிப் பார்த்தார். நாற்காலியை மாற்றிப்போட்டும் பார்த்தார். அதற்கும் லிங்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று அல்மாஸ் கேட்கவில்லை.

கடைசியில் அல்மாஸ் மவுஸை வாங்கி, கண்ட்ரோலை அமுக்கியபடி அம்புக்குறியை நீல எழுத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பெரிய மூச்சாக விட்டார்.

"சார், கை வரமாட்டேங்குது."

"யாரு கை?"

"லிங்க்னா அது மேல போனதும் அம்பு மாறி ஒரு கை காட்டும். இது வெறும் எழுத்துங்க சார். நீலக் கலர் அடிச்சு, கீழ கோடு போட்டிருக்குது. அவ்ளோதான்."

"முந்நூறுமா?"

அல்மாஸ் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். "ஒண்ணே ஒண்ணு நிஜ லிங்க். அதும் தமிழ்த் துறை பிளசி மேடத்தோட ஈமெயில் அட்ரஸ். அது தானா ஆயிருக்குது."

மாதவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். நினைவு வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் அல்மாஸ் மாதிரிக்கு இரண்டு பக்கம் செய்து கொடுத்திருந்தார். அவை நிஜ லிங்க்குகள். ஆனால் அர்ச்சுனன் எதையும் காகிதத்தில்தான் பார்ப்பார். அச்சடித்துக் கொடுத்ததும் வாசலில் வெளிச்சத்தில் பிடித்து, கூடைத் தக்காளியைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பினார். "கலர் பத்தல வாத்தியாரே. இன்னும் நல்லாப் பழுக்கணும்" என்றார். மாதவராஜ் அன்றே ஆசிரியர் கூட்டம் போட்டு, மேசையைத் தட்டி ஆணையிட்டார்: லிங்க் என்றால் அடர் நீலம், அடியில் கோடு, தாளாளர் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்! பதினோரு துறையும் அதை அப்படியே செய்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சரிபார்த்தவர் மாதவராஜ், கலர் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் எல்லா நீலத்துக்கும் டிக் போட்டிருந்தார்.

"இப்ப எல்லாத்தையும் நிஜமாக்கிட முடியுமாம்மா?"

"ஆதாரம் எல்லாம் கைவசம் இருந்தா ராத்திரி பகலா ஒரு வாரம். இருக்குதுங்களா சார்?"

மாதவராஜ் அந்தக் கேள்விக்குள் போக விரும்பவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

குழுத் தலைவி முனைவர் ஜானகியம்மாள், பொன்னாடையை மடித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கணினி முன் போய் உட்காரும் ரகம். பக்கத்தில் அர்ச்சுனன் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார். ஜானகியம்மாள் ஒரு லிங்க்கை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார்.

"மேடம், அது வந்து, பாதுகாக்கப்பட்ட இணைப்பு," என்றார் மாதவராஜ். "வெளியாளுங்க யாரும் தெறக்க முடியாது. தகவல் பாதுகாப்புல எங்க கல்லூரி ரொம்பக் கண்டிப்பு."

"நான் வெளியாளா?"

"சேச்சே."

"அப்ப நீங்க தெறங்க."

மாதவராஜ் இருமினார். அர்ச்சுனன் இடையில் புகுந்து, "கலர் எப்படிங்கம்மா இருக்குது?" என்று கேட்டார்.

"கலர் பிரமாதம்ங்க," என்றார் ஜானகியம்மாள். பிறகு மாதவராஜ் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவ தெறந்து பாத்த லிங்க்கு ஊதாவா மாறும் சார். நடுநடுவுல நாலு ஊதாவும் அடிச்சிருந்தீங்கன்னா, யாரோ ஒருத்தராச்சும் படிச்சுப் பாத்த மாதிரி இருந்திருக்கும். எத்தன காலேஜு பாத்துட்டு வர்றேன்!"

மாதவராஜின் காது இரண்டும் தக்காளி ஆயின.

"எல்லாம் வேணாம். சுற்றுச்சூழல் பகுதியில மரம் நடு விழான்னு அஞ்சு வருஷம் போட்டிருக்கீங்க. சாப்பிட்டுட்டு வர்றேன். அந்த அஞ்சு மட்டும் தெறந்தாப் போதும்."

சாப்பாட்டு நேரத்தில் அல்மாஸ் அலுவலகக் கணினியிலிருந்து படங்களைத் தேடி எடுத்து, ஐந்து லிங்க்குகளைப் போட்டார். அவர் கணினியில் திறந்தன. குழுவின் லேப்டாப்பில் திறக்கவில்லை. "படம் என் கம்ப்யூட்டர்ல இருக்குது சார். இங்க வந்து தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே படங்களையும் அந்த லேப்டாப்புக்கே கொண்டுவந்து, மறுபடி இணைத்தார். மாதவராஜ் கண்ட்ரோலை அமுக்கிக் கிளிக் செய்தார்.

திறந்தது!

அவருக்குக் கண் கலங்கியது. முழு முதல்வர் மாதவராஜ். ஆசையோடு இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்தையும் திறந்தார். அப்புறம்தான் படங்களைப் பார்த்தார்.

ஐந்து படத்திலும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அதே குழி. அதே உயரத்தில் ஒரு புங்கன் கன்று. அர்ச்சுனன் குடத்தைச் சாய்க்கிறார், மாதவராஜ் கைதட்டுகிறார். வருடத்துக்கு வருடம் மாறியது மாதவராஜின் சட்டையும் தொப்பையும்தான்.

"அல்மாஸ்," என்றார் மெதுவாக. "இத மறுபடி தெறக்காத மாதிரி பண்ணிட முடியுமாம்மா?"

"முடியுங்க சார். ஆனா மேடம் கைகழுவிட்டாங்க."

ஜானகியம்மாள் ஐந்தையும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மரமெல்லாம் எங்க?"

மாதவராஜ் வாயைத் திறப்பதற்குள் அர்ச்சுனன் முந்திக்கொண்டார். தன் முகம் ஐந்து தடவை திரையில் விழுந்த சந்தோஷம் அவருக்கு.

"அது எங்கம்மா மரமாவுது! படம் புடிச்சதும் நர்சரிக்காரன் வந்து எடுத்துக்கினு போயிடுவான். வாடகைக் கன்னுதான். மேடை, சேரு, மைக்செட்டு எல்லாம் வாடகைக்குத்தானுங்களே எடுக்கறோம்?"

ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து அடங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"லிங்க்கு தெறக்குதுன்னு எழுதிடறேன். அதுக்கு முழு மார்க்கு. மரத்துக்கு முட்டை."

அர்ச்சுனனுக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. "கேட்டீங்களா வாத்தியாரே? தெறந்துச்சு! இனிமே நீங்கதான் முழு முதல்வரு. பிராக்கெட்ட இன்னிக்கே எடுக்கச் சொல்லிடறேன்."

மூன்று வருடமாகக் காத்திருந்த நிமிடம். மாதவராஜ் கும்பிடக் கை தூக்கினார். ஜானகியம்மாள் அந்தக் கையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"முதல்வர் சார், குழி ரெடியாத்தான இருக்கு? ஒரு கன்னு வரவழைங்க. நான் நடறேன். அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வருவேன், வந்து பாப்பேன்."

முழு முதல்வர் தன் முதல் நிர்வாகப் பணியாக நர்சரிக்குப் போன் போட்டார். ஜானகியம்மாள் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"சொல்லுங்க சார்!" என்றது மறுமுனை. "விழாவுங்களா? ஒரு அவர்ல அனுப்பிடறேன். சாயங்காலம் எப்ப வந்து எடுத்துக்கட்டும்?"

மாதவராஜ் போனுக்குக் கிட்டே குனிந்தார். "எடுக்க வர வேணாம்ப்பா. இங்கியே இருக்கட்டும்."

நர்சரிக்காரர் மனம் நொந்த குரலில் கேட்டார்:

"ஏன் சார், என்கிட்ட எதாச்சும் கொறைங்களா? வாடகைய வேணா கொறச்சுக்கறேனே!"