தட்டு தாண்டிப் போன ஞாயிறுகள்

ஆரணியில் அந்தச் சின்ன ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் அப்பம் பிட்கிற நேரம் வந்தால், தேவகி தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். கை வெளியே கிடந்தால் தன்னையறியாமல் நீண்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம். சபை மூப்பர் ஜெயச்சந்திரன் தட்டை ஏந்திக்கொண்டு பெண்கள் பக்கம் வருவார். முன்னால் உட்கார்ந்திருப்பவள் ஒரு துண்டு பிட்டுக்கொள்வாள். அதற்கப்புறம் தட்டு தேவகியின் தலைக்கு மேலாகவே போய், அடுத்திருக்கும் சின்னபொண்ணுவிடம் இறங்கும். அந்த அப்பத்தைச் சுட்டுக் கொண்டுவருகிறவளே சின்னபொண்ணுதான். சுட்ட கோதுமையின் வாசனை மட்டும் தேவகியைத் தாண்டிப் போகாமல் கொஞ்சநேரம் அவளிடமே நிற்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை முகர்வாள்.

அவள் செய்த குற்றம் இதுதான்: செத்துப்போன அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டாள்.

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. முள்ளிப்பட்டிலிருந்து தம்பி துரைக்கண்ணு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நின்ற தினுசிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா செல்லம்மாளுக்குத் தொண்டையில் ஏதோ வந்து, கடைசி மாதங்களில் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. தேவகி வாரத்தில் பாதி நாள் அங்கே போய், பஞ்சை நனைத்து உதட்டில் பிழிந்துவிட்டு வருவாள். "சோறு வேணும்டி" என்று கண்ணாலேயே கேட்டாள் கிழவி. கொடுக்க முடியவில்லை.

பாடை எடுக்கிற நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி போட்டார்கள். தேவகி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். துரைக்கண்ணு அவளிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்:

"அக்கா, போடணும்னு தோணிச்சின்னா போடு. இல்லன்னா வுடு. நீ வேற வழி பூட்ட, எங்களுக்குத் தெரியும். யாரும் ஒன்னிய ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவன் அப்படிச் சொல்லாமல் அதட்டியிருந்தால் அவள் போட்டிருக்க மாட்டாள். யாரும் கேட்காதபோதுதான் அவளுக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. ஒரு கை அரிசி எடுத்து, திறந்திருந்த அந்த வாயில் மெதுவாகப் போட்டாள். கடைசியாக ஒரு வாய் ஊட்டியது போல இருந்தது.

முள்ளிப்பட்டுக்குப் பட்டு நூல் கொடுக்க வந்த சபைக்காரர் ஒருவர் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

ஜெயச்சந்திரன் கெட்ட மனிதர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தேவகியின் புருஷன் வேலு மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, அவனைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் கண்கலங்கித்தான் பேசினார்.

"சிஸ்டர், சபை முன்னால எழுந்து நின்னு, பேய்க்குப் படைச்சிட்டேன், தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அதோட தீர்ந்துச்சி."

"எங்கம்மாவுக்கு அரிசி போட்டேன் பிரதர். அத வேணும்னா சொல்றேன்."

"அது போதாது சிஸ்டர்."

"அதுக்கு மேல சொன்னா பொய்யாப் பூடுமே."

அன்றிலிருந்து அவள் பாடலாம், ஜெபிக்கலாம், தரை மெழுகலாம். அப்பம் பிட்கிற பந்தியில் மட்டும் பங்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலு தறியில் உட்கார்ந்தான், ஆனால் ஊடைநூல் ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. "ஒரே வார்த்ததானே தேவகி. சொல்லிட்டு அப்பால உள்ளுக்குள்ள ஆண்டவர்கிட்ட வேற மாதிரி சொல்லிக்கோ. எதுக்கு இந்த பேஜாரு?"

"பொய்ய குடுத்துட்டு அப்பத்த வாங்கச் சொல்றீங்களா?"

மறுவாரம் அவன் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் எடுத்துக்கொண்டான். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

தேவகி ஏன் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். போக அவளுக்கு வேறு இடம் தெரியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, சின்னபொண்ணு.

கல்யாணமான புதிதில் தேவகிக்கு இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போயின. அவள் வேண்டாத சாமி இல்லை, இருக்காத விரதம் இல்லை. எங்கேயோ எதிலேயோ தான் தவறிவிட்டதால்தான் இப்படி என்று நினைத்து நினைத்து, கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்போது பக்கத்துத் தெருவிலிருந்து சின்னபொண்ணு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சீயக்காய் கரைத்து, சடைபிடித்துக் கிடந்த தலையை அலசி, வெயிலில் உட்காரவைத்துச் சிக்கெடுத்தாள். சிக்கெடுத்துக்கொண்டே இயேசுவைப் பற்றிப் பேசினாள்.

"நீ ஒண்ணுத்தயும் தூக்கினு வர வாணாம் தேவகி. அவரு கேக்கறவரு இல்ல, குடுக்கறவரு. கைய மட்டும் நீட்டு, போதும்."

அந்த வெயிலில், ஈரத்தலையோடு, தேவகி முதல்முறையாகப் பயமில்லாமல் மூச்சுவிட்டாள். தன்னிடம் யாரும் எதையும் பாக்கி கேட்கவில்லை என்ற அந்த லேசு, நாலைந்து மாதம் அவள் உடம்பிலேயே இருந்தது. தறிக்குப் பாவு விரிக்கும்போதும் ராட்டையில் நூலைத் தார் சுற்றும்போதும் தானாகப் பாட்டு வந்தது.

அதன்பிறகு சபையில் சட்டங்கள் வந்தன. முதலில் பூ வேண்டாம் என்றார்கள். அவளே சந்தோஷமாக எடுத்துவிட்டாள். அப்புறம் மூக்குத்தி. அப்புறம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவரும் பலகாரத்தை வாங்கக் கூடாது. அப்புறம் கல்யாண வீட்டில் சாப்பிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் சரி போலத்தான் இருந்தது. ஆனால் பழைய பயம் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதை அவள் கவனிக்க நாளாயிற்று.

வருஷங்கள் போயின. தெருவில் நாலு வீட்டில் கரண்டு வந்தது. வேலுவுக்கு முன்நெற்றி நரைத்தது. தேவகியின் ஏக்கம் மட்டும் பழகிப்போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே அது ஆரம்பித்துவிடும். சில ராத்திரிகளில் தட்டு அவளிடம் நிற்பதாகக் கனவு வரும். கனவில்கூட வாயில் போடுவதற்குள் விழித்துவிடுவாள்.

எண்பத்து மூன்றில் ஒரு புதன்கிழமை, வேலு நூல் வாங்க வெளியே போயிருந்த நேரம், வாசலில் சைக்கிள் வந்து நின்றது. ஜெயச்சந்திரன். முகத்தில் ஒரு வாரத் தாடி. போளூரில் அவருடைய அப்பா இறந்துபோன சேதி தேவகிக்கும் வந்திருந்தது. அவர் வீட்டில் இவர் ஒருவர்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்; ஒரே ஆண்பிள்ளையும்கூட.

"உக்காருங்க பிரதர்" என்று ராட்டையை நகர்த்திவிட்டுப் பலகை போட்டாள். அவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது. அன்னிக்கு அரிசி போடும்போது மனசுல இன்னா இருந்தது?"

தேவகி யோசித்தாள். "ஒண்ணும் இல்ல பிரதர். அம்மா பசியோட பூட்டாளேன்னு இருந்தது. அவ்ளோதான்."

"பயம் இல்லியா?"

"எதுக்குப் பயம்? எங்கம்மா மூஞ்சிதானே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வூட்டுக்குள்ள போவல சிஸ்டர். எதிர்ல டீக்கடைல நின்னுகினு இருந்தேன். கொள்ளி வைக்க மாட்டேன்னு சொல்லி அனுப்சிட்டேன். சித்தப்பா பையன்தான் சட்டி தூக்கினு போனான். அப்பாவ தூக்கினு என்னிய தாண்டிப் போவும்போது காலு மட்டும் தெரிஞ்சது. கிட்டப் போயி அந்தக் கால தொட்டிருக்கலாம். அதுக்குகூட சட்டம் பாத்துகினு நின்னேன்." தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தார். "எல்லாத்தயும் சரியாத்தான் செஞ்சிருக்கேன். ஆனா ஜெபம் பண்ண உக்காந்தா, வாய்ல வார்த்தயே வரல."

தேவகிக்கு அவர்மேல் இத்தனை வருஷம் உள்ளுக்குள் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தான் பந்திக்கு வெளியே உட்கார்ந்திருந்ததைப் போலவே, இந்த மனிதர் பந்தியைப் பரிமாறிக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறார் என்று தோன்றியது.

"அப்பிடின்னா ஞாயித்துக்கிழம எனக்குக் குடுப்பீங்களா பிரதர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. "சபை ஒத்துக்காது சிஸ்டர். சட்டத்துல கறாரா இருக்கற தசரதன் ஐயா ஒருத்தரு போதும், எல்லாரயும் இட்டுகினு பூடுவாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த மூன்று நாளும் தேவகி தார் சுற்றிக்கொண்டே ஒன்றையே நினைத்தாள். ஜெயச்சந்திரனே முன்பு சபையில் வாசித்து விளக்கிய பைபிள் பகுதி அது. அந்தக் காலத்து அப்போஸ்தலர் ஒருவர், யூதரல்லாத புறசாதிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சட்டம் பேசுகிற ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். இன்னொரு அப்போஸ்தலர் முகத்துக்கு நேராகவே அது தப்பு என்றார். விசுவாசத்தால் இலவசமாக வந்ததைச் சட்டத்தால் வாங்கப் பார்க்கிறீர்களே என்று கேட்டார். வாசித்தபோது எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அவளும் சொன்னாள். யாரோ தூரதேசத்தவர் கதை என்றுதான் அன்றைக்குக் கேட்டிருந்தாள். இப்போது அந்தப் பந்தி ஆரணியில், ஜெபவீட்டுப் பாயில் நடப்பதாகத் தெரிந்தது. யாருடைய பந்தி இது? தசரதன் ஐயாவுடையதா? ஜெயச்சந்திரனுடையதா? கூப்பிட்டவர் வேறொருவர் அல்லவா?

ஞாயிறு. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, தட்டு வந்தது. முன்னாலிருந்தவள் பிட்டுக்கொண்டாள். தட்டு வழக்கம்போல உயரத் தூக்கப்பட்டது.

தேவகி கையை நீட்டினாள்.

ஜெயச்சந்திரன் நின்றுவிட்டார். ஆண்கள் பக்கமிருந்து தசரதன் ஐயா, "பிரதர்!" என்று ஒரு அதட்டல் போட்டார். குழந்தைகள்கூட அடங்கிப்போனார்கள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. ஜெயச்சந்திரன் அதையே பார்த்தார். பிறகு குனிந்து தட்டை அவள் கைக்குத் தாழ்த்தினார்.

அவள் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருகல். சாதாரண கோதுமை அப்பம். இடி இடிக்கவில்லை. இத்தனை வருஷமும் இது ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் சின்னபொண்ணு தன் முழங்காலை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது வேலு சொன்னான்: "நான் இத்தினி வருசமா முழுங்கவே முடியாமதான் முழுங்கினு இருந்தேன் தேவகி. இன்னிக்குத்தான் எறங்குச்சி."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒன்ன மாதிரி எனக்குத் தெகிரியம் ஏது?"

ஜெயச்சந்திரன் பயந்தது நடந்தது. தசரதன் ஐயா பாதி சபையைக் கூட்டிக்கொண்டு போய், வேறு தெருவில் வேறு ஜெபவீடு ஆரம்பித்தார். சின்னபொண்ணுவின் புருஷன் பச்சையப்பனும் அவரோடு போய்விட்டான், அவளும் போனாள். மிச்சமிருந்தவர்கள் கொஞ்சப்பேர். ஜெயச்சந்திரன் அவர்கள் முன்னால் அழுது, தன் அப்பாவின் கதையைச் சொன்னார். பிறகு ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் போளூர் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா உடனே இலை போட்டாளாம். வீட்டில் சாமிக்குப் படைத்ததா இல்லையா என்று கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றார்.

தேவகிக்கு அந்த லேசு திரும்பிவந்தது. பூ வைத்துக்கொள்ளலாமா என்று யாரையும் கேட்கவில்லை. தோன்றினால் வைத்தாள், தோன்றாதபோது விட்டாள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அதிரசத்தை வாங்கி, நன்றி சொல்லித் தின்றாள். ஆனால் பாடும்போது பக்கத்தில் சின்னபொண்ணுவின் கனத்த குரல் இல்லை. குழாயடியில் குடத்தோடு நிற்கையில் சின்னபொண்ணு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பத்துக்காக ஏங்கிய மனசில் இப்போது அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். தன்னைச் சட்டத்துக்கு வெளியே முதலில் கூட்டிவந்தவளே அதற்குள் நின்றுகொண்டிருந்தது தேவகிக்குத் தாங்கவில்லை.

அப்பம் சுடும் வேலை இப்போது தேவகிக்கு வந்திருந்தது. அவளுக்குக் கை வரவில்லை. கல்லைப் போல வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், பச்சையப்பன் வேலைக்குப் போயிருப்பான் என்று பார்த்து, சின்னபொண்ணுவின் வாசலில் போய் நின்றாள். கதவு பாதி திறந்தது.

"இன்னா?" என்றாள் சின்னபொண்ணு.

"அப்பம் எனக்கு மெத்துனு வர மாட்டேங்குது சின்னபொண்ணு. வெறப்பாப் பூடுது."

சின்னபொண்ணு கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"வெந்நீர் வுட்டுப் பெசஞ்சியா, பச்சத் தண்ணியா?"

"பச்சத் தண்ணி."

"அதான். வெந்நீர் வுடு. ஒரு சொட்டு எண்ண. பெசஞ்சி ஈரத்துணி போட்டு மூடிவையி. ஜல்திப்படாத."

"சரி."

"கெளம்பு. அவரு வந்தா திட்டுவாரு."

"அடுத்த சனிக்கெழமயும் வருவேன்."

"வராத" என்றாள் சின்னபொண்ணு. ஆனால் கதவை உடனே சாத்தவில்லை. தேவகியின் முடியைப் பார்த்தாள். "தலைக்கு எண்ணயே வைக்கிறதில்லியா நீ? பரட்டையா கெடக்குது" என்றாள் எரிச்சலோடு.

கதவு சாத்திக்கொண்டது. தேவகி தெருமுனை வரைக்கும் வந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாவு பிசைய வீட்டுக்கு நடந்தாள்.